மொக்கை கேமுக்கு ஒரு வக்காலத்து

மட்டமாகச் செய்த மலிவு வீடியோ கேமை விரும்பி ஆடுகிறவனுக்கு ரசனை போதாது. சென்னையில் கேம் பற்றிப் பேசும் படித்த வட்டத்தில் இது விவாதத்துக்கே வராத முடிவு. அடையாறில் பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் ஐ.டி. இளைஞர், மகனின் போனைப் பிடுங்கிப் பார்த்து ‘இதையெல்லாமாடா ஆடுற?’ என்று முகம் சுளிக்கும் மயிலாப்பூர் அப்பா, இந்திய கேம் தொழில் எப்போது உருப்படும் என்று கவலைப்படும் விமர்சகர் ஆகிய மூவரும் வேறு எதில் சண்டை போட்டாலும் இதில் ஒன்றுகூடிவிடுவார்கள். இவ்வளவு சுலபமாக வரும் ஒற்றுமையைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

அவர்கள் தரப்பை முதலில் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். கேம் என்பது கடும் உழைப்பைக் கேட்கும் கலை. பட்டனை அழுத்திய கணமே ஆள் குதிக்க வேண்டும், சுவர் சுவராக நிற்க வேண்டும், தோற்றால் ஏன் தோற்றோம் என்று புரிய வேண்டும். இது எதுவும் இல்லாததை விற்பது, வாங்குகிறவனை ஏமாற்றுவது. 1990களில் தி.நகர் நடைபாதையில் ‘9999 இன் 1’ என்று லேபிள் ஒட்டி விற்ற கேசட்டுகளில் உருப்படியாக இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய கேம்கள். பிள்ளைகள் அதை ஆடினார்கள் என்றால் வேறு கதி இல்லாமல் ஆடினார்கள். வளர்ந்தபின் அதைக் கொண்டாடினால் அது மலரும் நினைவுகள். அந்த நினைவே இல்லாதவர்கள் கொண்டாடினால் அது வெறும் கிண்டல். மட்டமானதை ரசிக்கப் பழகிய ஊரில் நல்லதைச் செய்ய யாருக்கும் அவசியம் வராது. தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ‘வெண்பா’ கேம் உலக விருதுகளை வாங்கி வந்த பிறகும் இந்தக் குப்பையைக் கிளறத்தான் வேண்டுமா?

நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை.

1. ‘வேறு கதி இல்லாமல் ஆடினார்கள்.’

அப்படியென்றால் கதி வந்ததும் விட்டிருக்க வேண்டுமே?

1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கேம் பெட்டி நம் ஊர்ப் பெரும்பாலான வீடுகளுக்கு நகலாகத்தான் வந்து சேர்ந்தது. மீடியா போன்ற பெயர்களில் வந்தது, பிறகு பெயரே இல்லாமலும் வந்தது. ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ பாண்டி பஜார் நடைபாதையிலோ ‘டிவி கேம்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் காலத்துக்கு ‘வேறு கதி இல்லை’ என்பது ஓரளவு பொருந்தும். ஒரிஜினல் என்ற ஒன்று கண்ணில் பட்டிருந்தால்தானே ஒப்பிடுவதற்கு?

ஆனால் 2003க்குப் பிறகு கதை மாறிவிட்டது. ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ கம்ப்யூட்டருக்கு வந்தது. உலகத்தரமான அந்த கேமின் திருட்டு டிஸ்க் கிடைத்த அதே கடையில், அதே விலையில், அதையே அரைகுறையாக மாற்றி, கார்களை மாற்றி, புதுப் பெயர் சூட்டிய டிஸ்க்குகளும் இருந்தன. அவையும் விற்றன. ஒரிஜினல் ஒரு கை எட்டும் தூரத்தில், பைசா வித்தியாசம் இல்லாமல் இருந்தபோதும் விற்றன. வறுமை என்ற காரணம் இந்த இடத்தில் வேலை செய்யாது. திருட்டுச் சந்தை செய்த ஒரே சமத்துவம் இதுதான்: நல்லதற்கும் மோசமானதற்கும் ஒரே விலை வைத்தது.

இன்றைக்கு வருவோம். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சாயங்கால வேளையில் ஒரு போனைச் சுற்றி நாலு பையன்கள் தலையை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எட்டிப் பாருங்கள். அநேகமாக ‘இந்தியன் பைக்ஸ் டிரைவிங் 3டி’ ஓடிக்கொண்டிருக்கும். கேமுக்குள் ஒரு போன் இருக்கும். அதில் ஏதோ எண்ணை அழுத்தினால் வண்டி வந்து நிற்கும், புல்லட் மாதிரி ஒன்று, பல்சர் மாதிரி ஒன்று. ஓட்டுகிறவன் ஒருவன். எண் சொல்லுகிறவன் ஒருவன். ‘அந்த பில்டிங் மேலருந்து விடுடா’ என்று கட்டளை போடுகிறவன் ஒருவன். வண்டி சுவரில் போய் மோதும், பாதி சுவருக்குள் புதைந்து நடுங்கும், நாலு பேரும் கத்துவார்கள். கேமின் மனிதர்கள் மரப்பாச்சி மாதிரி நடக்கிறார்கள், சாலைகள் ஒட்டுப் போட்டது போலத் தெரிகின்றன. அதே போனில் பிஜிஎம்ஐயும் இருக்கும். அதுவும் இலவசம். பெரிய கொரிய நிறுவனத்தின் பணமும் உழைப்பும் கொட்டிய கேம் அது. இரண்டில் எதைத் திறப்பது என்பது அந்தப் பையனின் தேர்வு. ‘வேறு கதி இல்லை’ என்பவர்கள் அந்தத் தேர்வைக் கணக்கில் எடுக்க மறுக்கிறார்கள். பிள்ளைகளால் தேர்ந்தெடுக்கவே முடியாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அப்புறம் எதையும் நிரூபிக்கலாம்தான்.

2017இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’வும் பணக்கார கேம் இல்லை. இந்தோனேசியாவிலும் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் நம் பிள்ளைகளுக்கு அது உடனே வசப்பட்டது. பஸ்ஸின் மேல் நாமே வண்ணம் ஒட்டிக்கொள்ள அதில் இடம் உண்டு. அவ்வளவுதான், நம் அரசு பஸ்ஸும் ஆம்னி பஸ்ஸும் ஜாவாவின் சாலைகளில் ஓட ஆரம்பித்துவிட்டன. பளபளப்பான ஐரோப்பிய பஸ் கேம்கள் இருக்கும்போது இதை ஏன் தேடினார்கள்? கை வைக்க இது இடம் கொடுத்தது. இந்த விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் என் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

2. ‘எல்லாம் மலரும் நினைவுகள்.’

இதற்கு நீளமான பதில் தேவையில்லை. பத்து வயதுப் பையனுக்கு மலர்வதற்கு என்ன நினைவு இருக்கிறது?

வளர்ந்தவர்களையே எடுத்துக்கொண்டாலும், நினைவு என்பது பிற்பாடு வந்த பாசத்தை விளக்கும். அன்றைக்கு மே மாத வெயிலில், அடாப்டர் சூடேறி அணைந்து போகும்வரை ஆடியதை அது விளக்காது. அன்று அது நினைவாகியிருக்கவில்லை. போதாக்குறைக்கு, நினைவு எல்லாவற்றையும் சமமாக மலர்த்துவதும் இல்லை. அதே 1990களில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்ததற்கு யாரும் விழா எடுக்கவில்லை. இதற்கு மட்டும் எடுக்கிறார்கள் என்றால் இதில் ஏதோ இருந்திருக்கிறது.

3. ‘ரசிக்கவில்லை, சிரிக்கிறார்கள்.’

இதுவரை வந்த மூன்று வாதங்களில் இதுதான் கெட்டிக்காரத்தனமானது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

உலகின் மோசமான கேம் எது என்று கேட்டால் முதலில் வரும் பெயர் ‘பிக் ரிக்ஸ்: ஓவர் தி ரோட் ரேசிங்’. 2003இல் அமெரிக்காவில் வந்த மலிவு லாரி ரேஸ். விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் நூற்றுக்கு 8 வாங்கியது. முதலில் வெளிவந்த வடிவத்தில் எதிராளியின் லாரி புறப்பட்ட இடத்தைவிட்டு நகரவே நகராது. கட்டடங்களுக்குள் புகுந்து வெளியே வரலாம், பாலத்தின் மேல் போனால் பாலம் தாங்காது, செங்குத்து மலையில் வேகம் குறையாமல் ஏறலாம். ரிவர்ஸ் கியரில் போனால் வேகத்துக்கு எல்லையே இல்லை, பட்டனை விட்ட மறு நொடி அப்படியே நின்றுவிடும். கடைசியில் இலக்கணப் பிழையோடு ஒரு வெற்றி வாழ்த்து.

இதைப் பார்த்துச் சிரிக்கிறோம், சரி. எவ்வளவு நேரம் சிரிப்போம்? பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் அந்த கேமைத் தொடர்ந்து வைத்திருக்கிறவர் சிரிப்பதற்காக வைத்திருக்கவில்லை. ரிவர்ஸில் எவ்வளவு வேகம் போகும், வரைபடத்துக்கு வெளியே என்ன இருக்கிறது, ஓட்டத்தை எத்தனை விநாடியில் முடிக்கலாம் என்று அவர் சோதித்துக்கொண்டிருக்கிறார். நன்கொடை திரட்டுவதற்காக அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் ‘ஆசம் கேம்ஸ் டன் குயிக்’ நிகழ்ச்சியில் மோசமான கேம்களுக்கென்றே தனி நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து ஆடுகிறவர் அந்த ஓட்டை கேமை மாதக்கணக்கில் கரைத்துக் குடித்தவர். கிண்டலுக்காக யாரும் மாதக்கணக்கில் உழைப்பதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல லாரி ரேஸ் வரை போயிருக்க வேண்டியதே இல்லை. மாயாஜாலப் பட இயக்குநர் விட்டலாச்சார்யா என்றால் போதும். 1978இல் வந்த அவரது ‘ஜெகன் மோகினி’ படத்தில் பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்து எரிக்கும் காட்சியை ஒரு தலைமுறை மறக்கவில்லை. தந்திரக் காட்சியின் ஒட்டு வேலை கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் தியேட்டரில் கூட்டம் பயந்தது, சிரித்தது, மறுபடி வந்தது. பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2009இல் அதே பெயரில், முன்னேறிய கிராஃபிக்ஸோடு, நமீதாவை வைத்து மறுபடி எடுத்தார்கள். அதில் ஒரு காட்சியை நினைவிலிருந்து சொல்லுங்கள் பார்ப்போம்.

4. ‘செய்நேர்த்தி இல்லாததில் ரசிக்க என்ன இருக்கிறது?’

எதிர்த்தரப்பின் உயிர்நிலை இதுதான். மற்றதெல்லாம் சுற்றுச்சுவர்.

செய்நேர்த்தி என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் கேட்க வேண்டும். பார்க்கிறவனுக்குத் தெரியும் நேர்த்தி ஒன்று உண்டு: முகத்தில் வியர்வை, தண்ணீரில் நிழல், உதட்டசைவு. ஆடுகிறவனுக்குக் கிடைக்கும் இன்பம் வேறு. நான் இதைச் செய்தால் இது என்ன செய்யும் என்ற கேள்வி கேமில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறதோ அவ்வளவு நேரம் அந்த இன்பம் இருக்கும். நேர்த்தியான பெரிய கேம் இந்தக் கேள்விக்குச் செய்தவர்களே பதில் எழுதி வைத்திருக்கும். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி, எங்கே ஏற வேண்டும் என்று பாறை விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். மட்டமான கேமில் பதில் எழுத ஆள் இல்லை, நேரம் இல்லை, காசு இல்லை. அதனால் கேள்வி ஆடுகிறவன் கையில் மிஞ்சுகிறது.

அந்த 9999 கேசட்டையே பார்ப்போம். டிவியில் போட்டால் ஒரு பட்டியல் ஓடும். முதல் பக்கத்தில் கான்ட்ரா, டாங்க், சர்க்கஸ், மாரியோ. அடுத்த பக்கத்திலிருந்து அவையே வேறு பெயரில், வேறு எண்ணில். ஏமாற்றுதான். ஆனால் அந்த எண்கள் எல்லாம் ஒன்றுபோல இல்லை. ஒன்றில் கான்ட்ரா மூன்றாவது கட்டத்திலிருந்து தொடங்கும், ஒன்றில் உயிர்கள் கூடுதலாக இருக்கும், ஒன்றில் மாரியோ எடுத்த எடுப்பில் வேறோர் உலகத்தில் நிற்பார். லேபிளில் எதுவும் எழுதியிருக்காது. கையேடு கிடையாது. பெயர்த் திரையைக்கூட நகலெடுத்தவர்கள் வெட்டி எறிந்திருப்பார்கள். எந்த எண்ணில் எது என்பதைப் பிள்ளைகள்தான் ஆடி ஆடிக் கண்டுபிடித்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார்கள். அடுத்த தெருப் பையன் ஒரு எண்ணைச் சொன்னால் அது செய்தி. கேசட் செய்தவன் பித்தலாட்டமாகக் கொடுத்த ஒன்றை வாங்கியவன் தேடல் விளையாட்டாக மாற்றிவிட்டான்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும்: கான்ட்ராவும் மாரியோவும் ஜப்பானில் பிரமாதமாகச் செய்த கேம்கள்தானே, மட்டமான கேமைப் பற்றிப் பேசிக்கொண்டு அவற்றை ஏன் சாட்சிக்கு இழுக்கிறாய்? இழுப்பதற்குக் காரணம் உண்டு. சரக்கு ஒரிஜினல் என்றால் ஒரிஜினலின் அனுபவமே கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது அது இல்லை. நகல் பெட்டியின் ஜாய்ஸ்டிக்கில், பட்டனை அமுக்கிப் பிடித்தாலே மடமடவென்று சுடும் டர்போ பட்டன்கள் இருந்தன. ஃபேமிகாமோடு வந்த ஜாய்ஸ்டிக்கில் அது கிடையாது. நம் பிள்ளைகள் ஆடியது கொனாமி செய்த கான்ட்ராவை அல்ல, பெயர் தெரியாத நகல்காரர் ஒருவர் திருத்திய கான்ட்ராவை.

முழுக்க முழுக்க மட்டமான சரக்கு வேண்டுமென்றால் 1994இல் தைவானில் செய்த ‘சோமாரி’ இருக்கிறது. சேகாவின் சோனிக் ஓட வேண்டிய பாதையில் நின்டெண்டோவின் மாரியோவை ஓடவிட்ட கள்ளச் சரக்கு. தடுக்கும், தத்தளிக்கும், பாதி நேரம் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆனால் அன்றைக்கு ஜென்மப் பகையாளிகளாக இருந்த இரண்டு நிறுவனங்களின் நாயகர்களை ஒன்றாக்கிப் பார்க்கத் துணிந்தது அதுதான். முறைப்படி அனுமதியோடு மாரியோவும் சோனிக்கும் ஒரே கேமில் சந்தித்தது 2007 நவம்பரில். அதுவும் ஒலிம்பிக் போட்டிக்காக.

பிழை என்பது எப்போதும் கழிவு என்று நினைக்கிறவர்கள் கேம்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டலாம். 1978இல் டாய்ட்டோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கேமில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். யாரும் முன்கூட்டித் திட்டமிட்டதல்ல அது. அத்தனை எதிரிகளையும் ஒரே வேகத்தில் நகர்த்த அன்றைய சிப்புக்குச் சக்தி இல்லை, எண்ணிக்கை குறைந்ததும் அதற்கு மூச்சு வந்தது. இயந்திரத்தின் இயலாமை உலகத்தையே நாற்காலி நுனியில் உட்கார வைத்தது. 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேமில் ஒரு குத்து முடிவதற்குள் அடுத்ததைக் கோத்து அடிக்க முடிந்ததும் யாரும் திட்டமிடாததுதான். சோதிக்கும்போது கவனித்தார்கள், இதை எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள். இன்று சண்டை கேம் என்ற வகையே அந்தக் ‘காம்போ’ மேல்தான் நிற்கிறது.

சரி, நேர்த்திதான் அளவுகோல் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அளவுகோலை எல்லோருக்கும் ஒன்றுபோலவா பிடிக்கிறார்கள்? 2020 டிசம்பர் 10 அன்று ‘சைபர்பங்க் 2077’ வெளியானது. எட்டாண்டு விளம்பரம், மலைக்க வைக்கும் முதலீடு. பழைய பிளேஸ்டேஷன்களில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. நம் விமர்சகர்கள் என்ன எழுதினார்கள்? ‘அவசரப்பட்டுவிட்டார்கள், அப்டேட் வந்தால் சரியாகிவிடும்’ என்று எழுதினார்கள். பிற்பாடு சரியானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு நடைபாதைச் சரக்குக்குக் கிடைத்ததுண்டா? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கேமில் பிழை இருந்தால் கோளாறு, ஐம்பது ரூபாய் கேமில் இருந்தால் ரசனைக் கேடு. இது கலை விமர்சனம் இல்லை, விலைப்பட்டியல்.

மட்டமானதெல்லாம் இனிக்கும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லப்போனால் என் வாதத்துக்கு நல்ல சாட்சியே இனிக்காத மொக்கைகள்தான். 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு (பிஎஸ்2) வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ இந்தியாவிலேயே முழுக்க உருவான முதல் பிஎஸ்2 கேம் என்ற பெருமையோடு வந்தது. ஹைதராபாத்தில் செய்தது, சோனி வெளியிட்டது, விலை 500 ரூபாய்க்குள். இன்று அதைத் தேடிப் பிடித்து ஆடுகிறவர் அபூர்வம். 2020 செப்டம்பரில் பப்ஜி தடையான இரண்டே நாளில் அக்ஷய் குமார் அறிவிக்க, 2021 குடியரசு தினத்தன்று வந்த ‘ஃபாஜி’யும் அப்படியே. கால்வான் பள்ளத்தாக்கில் ராணுவ வீரராக நடக்க வேண்டும், வருகிறவனைக் குத்த வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். முதலில் வந்தபோது அதில் துப்பாக்கிகூடக் கிடையாது. சில நாட்களிலேயே மதிப்பெண் சரிந்தது. இவையும் மட்டம், ‘இந்தியன் பைக்ஸ்’ஸும் மட்டம். பின் ஏன் இவை இரண்டும் செத்தன, அது மட்டும் கோடிக்கணக்கான போன்களுக்குப் போனது?

செத்த இரண்டும் பெரிய கேமின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வந்தவை. போகச் சொன்ன வழியில் போ, அடிக்கச் சொன்னவனை அடி. அதிகாரம் முழுவதும் பெரிய கேமிடமிருந்து வாங்கியது, திறமை மட்டும் இல்லை. ‘இந்தியன் பைக்ஸ்’ எதையும் சொல்வதில்லை. இதோ தெரு, இதோ வண்டி, உன்பாடு. மோசமாகச் செய்யப்பட்டது என்பதல்ல கவர்ச்சி. மோசமாகச் செய்யப்பட்டதில் சில கேம்கள் ஆடுகிறவனை உள்ளே விடுகின்றன, சில விடுவதில்லை. எதிர்த்தரப்பு இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அவர்களுடைய தராசில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்.

5. ‘இப்படியே போனால் நம் தொழில் உருப்படாது.’

உருப்பட்ட ஊர்கள் எப்படி உருப்பட்டன?

ஜப்பானில் டி3 பப்ளிஷர் என்ற நிறுவனம் 1998 முதல் ‘சிம்பிள்’ என்ற வரிசையை நடத்தியது. பிளேஸ்டேஷனுக்கு 1500 யென், பிஎஸ்2வுக்கு 2000 யென். மலிவு விலை, அவசர வேலை, நம்பவே முடியாத தலைப்புகள். அதில் பெரும்பகுதி குப்பைதான். 2003இல் அந்தக் குப்பையோடு குப்பையாக, பூமியைத் தாக்கும் ராட்சதப் பூச்சிகளைச் சுடும் ஒரு கேம் வந்தது. கட்டடங்கள் அட்டைப்பெட்டி போல விழும், பூச்சிகள் பெருகினால் திரையே திணறும். அதுதான் ‘எர்த் டிஃபென்ஸ் ஃபோர்ஸ்’. இன்று ஆறாம் பாகம் தாண்டி, உலகமெங்கும் விசிறிகள். திணறும் திரையையும் சேர்த்தே நேசித்தார்கள். அன்று ஜப்பானிய விமர்சகர்கள் ‘மலிவு கேமே கூடாது’ என்று முடிவு கட்டியிருந்தால் இந்தக் கேமுக்குப் பிறக்க இடமே இருந்திருக்காது.

‘வெண்பா’வைச் சொல்லி அடிக்க வருகிறவர்கள் அதை ஒருமுறை ஆடிவிட்டு வரலாம். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம் விழாவில் தலையாய பரிசும் பெற்றது. தகும். ஆனால் அந்த கேமில் நாம் செய்வது என்ன? அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன இடத்தை நாமே யோசித்து நிரப்பி இட்லி வேகவைக்கிறோம். பரிசு வாங்கிய தமிழ் கேமின் மையமே குறைபட்ட ஒரு பொருள்தான். குறையை வேண்டுமென்றே நேர்த்தியாக வடித்தால் கலை, வேறு வழியில்லாமல் விட்டால் குப்பை என்று பிரிப்பவர்கள் பிரிக்கட்டும். ஆடுகிறவனின் மூளை இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

இந்த நாடகத்தை நாம் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறோம். பஸ் ஸ்டாண்டில் தொங்கிய பாக்கெட் நாவல்களைத் தமிழ் இலக்கியத்தின் மானக்கேடு என்று சொல்லாத அறிவாளி இல்லை. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் அவற்றைப் பொறுக்கி எடுத்து, பிரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு தொகுப்பு போட்டது. உடனே பாக்கெட் நாவல் எழுத்தாளர் ராஜேஷ்குமார் பெயர் இங்கிலீஷ் பேப்பர்களில் வந்தது, அந்த அறிவாளிகள் வீட்டுப் புத்தக அலமாரியில் தொகுப்பு பளபளக்கும் அட்டையோடு ஏறியது. நாவல் மாறவில்லை. விலையும் மொழியும்தான் மாறின.

6. ‘ஏமாற்று வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறாய்.’

இல்லை. 9999 என்று அச்சிட்டது பச்சைப் பொய், அடுத்தவன் உழைப்பைத் திருடி விற்றது திருட்டு. இன்றைய இலவச கேம்களில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாய்ந்து வரும் விளம்பரம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். இவற்றில் எதற்கும் நான் ஆஜராகவில்லை. வியாபாரம் வேறு, ஈர்ப்பு வேறு.

ஆனால் ஏமாற்று என்று பேச்சை எடுத்தவர்கள் பாதியில் நிறுத்தக்கூடாது. தமிழ்நாட்டில் கேம்களால் குடும்பங்கள் சிதைந்த கதை எந்த கேம்களால்? ஆன்லைன் ரம்மி ஆப்கள் ஒரு கணமும் திணறியதில்லை. சீட்டு வழுக்கிக்கொண்டு வந்து விழும், பணம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேரும், எழுத்துரு முதல் ஒலி வரை கச்சிதம். அந்தக் கச்சிதத்தால் போன உயிர்களை முன்னிட்டுத்தான் மாநில அரசு 2022இல் சட்ட மசோதா கொண்டுவந்தது. ஆளுநரிடம் இழுபட்டு 2023 ஏப்ரலில் அது சட்டமானது. ரம்மி திறமை விளையாட்டு என்று சொல்லி உயர்நீதிமன்றம் அதைச் சட்டத்திலிருந்து விலக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை நாடு முழுக்கத் தடைசெய்தது. நேர்த்தி யாருக்காக உழைக்கிறது என்று கேட்காமல் நேர்த்தியை மட்டும் கும்பிடுவது ஆபத்து. ரங்கநாதன் தெருவில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘400 இன் 1’ கைப்பெட்டி ஒரு மாதத்தில் பழுதாகும். அதற்கு மேல் அதனால் யார் குடியையும் கெடுக்க முடியாது.

மட்டம் என்று ஒதுக்கியதை யாரும் பாதுகாப்பதில்லை. இந்தப் பொதுக்கருத்தின் கண்கூடான விளைவு இதுதான். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்று ஆய்வாளர்கள் புரட்டும் பழைய துண்டுப் பிரசுரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் ஒரு காலத்தில் காலணாச் சரக்கு என்று தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம். கோட்டையூரில் ஒருவர் தூக்கிப் போடாமல் சேர்த்ததால் மிஞ்சின. அதே நிலையில்தான் இந்தக் கேசட்டுகளும் இருக்கின்றன. அவற்றின் லேபிள் ஓவியங்கள், பட்டியல்கள், எந்த எண்ணில் எது என்று பிள்ளைகள் எழுதிய கடைசிப் பக்கங்கள் எல்லாம் இந்த நகரம் எப்படி விளையாடியது என்பதற்கான ஆவணங்கள். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், மாம்பலமோ மந்தைவெளியோ, பழைய பேப்பர்காரரிடம் எடை போடாதீர்கள். லேபிளை ஒரு போட்டோ எடுத்து, எந்தக் கடையில் எந்த வருடம் வாங்கியது என்று நினைவிருக்கிறவரை எழுதி, கேசட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.